நாலு மாமன், எட்டுச் சிவப்புக் கண்

கூடப் பிறந்த அண்ணன் ஒருத்தன் இருந்தால் பலம், ரெண்டு பேர் இருந்தால் செல்லம் என்பார்கள். நாலு அண்ணன் இருந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லியிருந்தால் வேலாங்கரட்டுப் பூமயில் கொஞ்சம் உஷாராக இருந்திருப்பாள்.

பூமயிலுக்கு மூத்தது நாலும் ஆண். பெரியவன் வெள்ளைக்கண்ணு, அடுத்தவன் சோணைமுத்து, அவனுக்கு அடுத்தவன் மாயழகு, கடைசி ஒச்சு. நாலு பேருக்கும் பந்தல் போடுகிற தொழில். கை வேலை அத்தனை சுத்தம். என்ன சொன்னாலும் சொன்னபடி செய்வார்கள். ஒரு கல்யாண வீட்டில், "காத்து புகாம நாலு பக்கமும் ஓலை வச்சு அடைச்சிருங்கப்பா" என்றார்கள். அடைத்துவிட்டார்கள். உள்ளே நின்றுகொண்டு அடைத்தார்கள். வாசல் வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே! மாப்பிள்ளை ஊர்வலம் வந்து நின்றபோது பந்தலுக்குள்ளிருந்து, "யாராச்சும் ஒரு அரிவாள் கொண்டாங்கப்பா, மூணு நாளாச்சு சாப்பிட்டு" என்று குரல் வந்ததாம்.

இந்த நாலு பேரும்தான் பூமயில் மகளுக்குத் தாய்மாமன்கள். மகளுக்கு மித்ராஸ்ரீ என்று பேர். லாரி ஓட்டுகிற பூமயில் புருஷன் தவசி ஏதோ ஊர்க் கடைப் பலகையில் பார்த்து வைத்த பேர். கூப்பிடுவதெல்லாம் பாப்பா என்றுதான்.

பாப்பாவுக்குப் பதினோராம் மாதம் முடியப் போகிறது. அந்த மாதம் முடிவதற்குள் காது குத்திவிட வேண்டும். தவறினால் மூன்றாவது வயசு வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த மாதத்தில் கடைசியாகக் கிடைத்த நல்ல நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காது குத்த ஆசாரி வேண்டும், கறிச்சோறு வேண்டும். இதெல்லாம் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். தாய்மாமன் மடி இல்லாமல் முடியாது. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அது இல்லையென்றால் பூமயிலின் நாத்தனார் குருவம்மா அடுத்த பத்து வருஷத்துக்கு வேறு பேச்சே பேச மாட்டாள்.

ஆகவே ஒரு வாரம் முன்னாலேயே அண்ணன்மார் நாலு பேரையும் பூமயில் வரவழைத்துவிட்டாள். வந்த மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணி ஆகியும் நாலு பேரும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்னண்ணே, வெயில் முதுகைச் சுடுது, இன்னும் படுத்திருக்கீங்க?"

"இன்னும் விடியலை தங்கச்சி" என்றான் வெள்ளைக்கண்ணு, படுத்தபடியே.

"என்னது?"

"கண்ணைத் திறந்து திறந்து பாக்குறேன், இருட்டாத்தான் இருக்கு. நீ போய்ப் படு."

சோணைமுத்து பக்கத்தில் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தான். வெயில் அவன் முகத்தில் அடித்தது. "எனக்கு விடிஞ்ச மாதிரிதான் தெரியுது மயிலு. ஆனா அண்ணன் விடியலைங்கிறாரு. பெரியவர் சொல்லும்போது எப்படி எந்திரிக்கிறது?"

பூமயில் குனிந்து பார்த்தாள். வெள்ளைக்கண்ணுவின் இமை ரெண்டும் பீளை கட்டி, பசை போட்ட மாதிரி ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டாள். கண் திறந்தது. உள்ளே மிளகாய்ப் பழம் மாதிரி சிவப்பு.

"விடிஞ்சிருச்சுடா!" என்றான் வெள்ளைக்கண்ணு. மற்ற மூன்று பேரும் உடனே எழுந்து பாயைச் சுருட்டினார்கள்.

பிறகு அண்ணனின் கண்ணைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். கடைசியில் மாயழகு தொண்டையைக் கனைத்தான். அவன்தான் நாலு பேரில் யோசிக்கிறவன். "அண்ணே, பேரு வெள்ளைக்கண்ணு. கண்ணு சிவப்பு. ரேஷன் கடையில அரிசி தருவானா?"

நாலு பேரும் இதைப் பற்றி அரை மணி நேரம் கவலைப்பட்டார்கள்.

பூமயில் பெரியண்ணனை டவுன் பஸ்ஸில் ஏற்றி, அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி, சொட்டு மருந்து வாங்கி வந்தாள். வீட்டில் எப்படிப் பக்குவம் பார்ப்பது என்று சொல்ல ஊர் நர்ஸம்மா ஜெசிந்தா அன்று மத்தியானமே வந்தார். குருவம்மாவும் வந்தாள்; முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்தாள்.

"அடி மயிலு, அவனைப் பாக்காதடி! பாத்தா ஒட்டிக்கும். கொஞ்சம் தாய்ப்பாலைப் பீச்சிக் கண்ணுல விடு, சரியாப் போகும்."

"அக்கா, கையை எடுங்க" என்றார் நர்ஸம்மா. "தாய்ப்பால், பூச்சாறு, எச்சில், ஒண்ணும் கண்ணுல விடக் கூடாது. பாத்தாலும் ஒட்டாது. இது ஒட்டுவாரொட்டிதான். ஆனா ஒட்டுறது கை வழியா. கண்ணைக் கசக்குன கை, துடைச்ச துண்டு, படுத்த தலையணை. அதைத் தொட்டுட்டு நாம நம்ம கண்ணைத் தொட்டா நமக்கும் வரும். அவ்வளவுதான். ஒரு வாரம், பத்து நாள்ல தன்னால இறங்கிரும். பார்வை மங்கினாலோ, கண்ணு ரொம்ப வலிச்சாலோ, வெளிச்சம் பாக்க முடியலைன்னாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்."

பிறகு வெள்ளைக்கண்ணுவைப் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "உங்க கையைக் கண்ணுல வைக்காதீங்க. எதைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. கொதிக்க வச்சு ஆறின தண்ணியில பஞ்சை நனைச்சு, மூக்குப் பக்கமிருந்து வெளியே பாத்து ஒரே இழுப்பாத் துடைங்க. ஒரு தடவை துடைச்ச பஞ்சை மறுபடி தொடக் கூடாது. தலையணை தனியா இருக்கணும். சிவப்பு போற வரைக்கும் பாப்பாவைத் தொடக் கூடாது."

"அப்படியே செய்றோம் நர்ஸம்மா" என்றார்கள் நாலு பேரும். செய்தார்கள். அதுதான் வினை.

முதலில், பார்த்தால் ஒட்டாது என்ற நல்ல சேதியை ஊருக்குச் சொல்வது தன் கடமை என்று வெள்ளைக்கண்ணு நினைத்தான். சாயங்காலம் டீக்கடை முன்னால் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் கண் கொட்டாமல் முறைத்தான். "நல்லாப் பாருங்க, ஒட்டாது. இன்னும் கிட்ட வந்து பாருங்க." டீக்கடை காலியானது. ஐந்தரை மணி பஸ் அந்த நிறுத்தத்தில் நிற்காமலே போய்விட்டது.

மறுநாள் காலை அவன் கை கழுவப் போனான். பாப்பாவுக்கு ராகிக் கூழ் ஊட்டி முடித்துப் பூமயில் வந்து பார்த்தாள், கழுவிக்கொண்டிருந்தான். துணி துவைத்து முடித்து வந்தாள், இன்னும் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே இது, தோலு உரிஞ்சிரும்!"

"நான் என்ன செய்யட்டும் தங்கச்சி? கையைக் கழுவுறேன். கழுவ சோப்பைத் தொட வேண்டியிருக்கு. எதைத் தொட்டாலும் கழுவணும்னாங்களே? சோப்பைத் தொட்டதுக்குக் கழுவுறேன். அதுக்கு மறுபடி சோப்பைத் தொட வேண்டியிருக்கு." அவன் மறுபடி சோப்பை எடுத்தான். "இது எங்க போய் முடியுமோ தெரியலை."

சோப்பு தீர்ந்தபோது முடிந்தது. பதினோரு மணி இருக்கும். அன்று மாயழகு ஆழ்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான்.

"அண்ணே, தப்பு நம்ம மேல இல்லை. நம்ம கை பிறந்ததிலிருந்து நம்மகிட்டயேதான் இருக்கு, அது எங்க போய் அழுக்காகும்? சாமான்தான் அழுக்கு. தொடப் போற சாமானை முன்னாடியே கழுவிட்டா, கையைக் கழுவுற வேலை மிச்சம்."

"இவன் படிச்சிருக்கணும்டா" என்றான் சோணைமுத்து.

அன்றிலிருந்து நாலு பேரும் தொடுவதற்கு முன்னால் சாமானைக் கழுவ ஆரம்பித்தார்கள். கதவுத் தாழ்ப்பாளைக் கழுவித் திறந்தார்கள். செருப்பைக் கழுவிப் போட்டார்கள். செய்தித்தாளைக் கழுவிப் படித்தார்கள். பக்கம் பக்கமாகப் பிய்ந்துவந்ததில் ஒருவனுக்குத் தலைப்பும் ஒருவனுக்கு விளம்பரமும் கிடைத்தது. கறிச்சோற்றுக்குக் கட்டிப் போட்டிருந்த கிடாயை மூன்று தடவை குளிப்பாட்டினார்கள். அது தும்மிக்கொண்டு நின்றது.

பஞ்சு விஷயம் அதற்கு மேல். ஒரு தடவை துடைத்ததை மறுபடி தொடக் கூடாது என்றதால் நர்ஸம்மா தந்த பஞ்சு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே தீர்ந்தது. இருந்த நாலு தலையணையில் மூன்றை அறுத்து இலவம்பஞ்சை எடுத்தார்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பூமயில் உள்ளே வந்தபோது நாலு அண்ணன்களும் பஞ்சுமழைக்கு நடுவே வெண்தாடியும் வெண்புருவமுமாக ரிஷிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை சோணைமுத்துவின் கண் சிவந்தது.

"எப்படிண்ணே வந்துச்சு? கண்ணைக் கசக்குனியா?" என்று பெரியண்ணனைக் கேட்டாள் பூமயில்.

"சத்தியமா இல்லை. என் கையை என் கண்ணுல வைக்கவே இல்லை."

"அரிக்கலையா?"

"அரிக்காம? அரிக்கும்போதெல்லாம் சோணை கசக்கிவிட்டான். என் கையைத்தானே வைக்கக் கூடாதுன்னாங்க? அது சோணை கை."

சோணைமுத்து பெருமையாகத் தலையாட்டினான். "கூடப் பிறந்தவன் இதுகூடச் செய்யலைன்னா எப்படி மயிலு?"

பூமயிலுக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளக் கை போனது. அந்தக் கை கழுவியதா என்று யோசித்து, கீழே இறக்கிக்கொண்டாள். விரல் விட்டு எண்ணினாள். வெள்ளிக்கு இன்னும் நாலு நாள். பெரியண்ணன் கண் அதற்குள் தெளியாது. சோணையும் போச்சு. பரவாயில்லை, இன்னும் ரெண்டு மடி இருக்கிறது.

புதன்கிழமை காலை அது ஒன்றானது.

"மாயண்ணே, உனக்குமா! தலையணையைத் தனியா வைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"தனியாத்தான் வச்சோம்" என்றான் மாயழகு, கலங்கிய கண்ணோடு. "வா, காட்டுறேன்."

உள்ளறையில் பாய் விரித்து, அதன் நடுவில் ஒரே ஒரு தலையணை, கழுத்து வரை போர்வை போர்த்திப் படுத்திருந்தது. மின்விசிறி வேறு அதற்குத்தான் சுற்றியது. நாலு அண்ணன்களும் கூடத்தில் ஒரே பாயில், ஒருத்தர் கையை ஒருத்தர் தலைக்கு வைத்து, மத்தி மீன் அடுக்கின மாதிரி நாலு ராத்திரியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

"தலையணைக்கு ஒரு குறையும் வைக்கலை தங்கச்சி" என்றான் ஒச்சு.

பூமயில் அந்த ஒச்சுவைப் பார்த்தாள். அவன் கண் பால் மாதிரி வெளுப்பாக இருந்தது. இருக்கிற ஒரே மடி!

"மூணு அண்ணனும் நல்லாக் கேளுங்க. ஒச்சண்ணன் கண்ணு சிவந்துச்சுன்னா வெள்ளிக்கிழமை என் பிள்ளைக்கு மடி கிடையாது. குருவம்மா மதினி என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிரும். அவன் கண்ணு ரெண்டுக்கும் நீங்கதான் காவல். புரிஞ்சுதா?"

"எங்க உயிரைக் குடுத்துப் பாத்துக்கறோம்" என்றான் வெள்ளைக்கண்ணு.

பார்த்துக்கொண்டார்கள். அரை மணிக்கு ஒருத்தராக முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

"டேய் ஒச்சு, கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே."

"நீ சொன்னா எப்படி? உன் கண்ணை நீயே பாக்க முடியுமா? காட்டு." கீழிமையை ஒரு விரலால் இழுத்து, மேலிமையை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பார்கள். "வெள்ளையாத்தான் இருக்கு. அடுத்து யார் முறை? சோணை, நீ பாரு." சோணை தன் கண்ணைக் கசக்கித் தெளிவாக்கிக்கொண்டு வந்து, தம்பி இமையைத் தூக்குவான்.

வியாழக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் பூமயில் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். நடுவில் ஒச்சு. கண் ரெண்டும் செம்பருத்தி.

"ஒரு நிமிஷம் கண்ணை எடுக்கலை தங்கச்சி" என்றான் வெள்ளைக்கண்ணு. "எங்க கண்ணு முன்னாலயேதான் சிவந்துச்சு."

பூமயில் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே நர்ஸம்மா வீட்டுக்கு நடந்தாள். போகிற வழியெல்லாம் அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தது.

"நாள் தள்ள முடியாதா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"தள்ளினா ரெண்டு வருஷம் தள்ளணும்."

நர்ஸம்மா பாப்பாவின் கண்ணை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "சரி, இப்படிச் செய். பெரியவர் குளிச்சு, துவைச்ச வேட்டி கட்டட்டும். மடியில சுத்தமான துணி விரி. அது மேல பாப்பா. மாமன் கை பிள்ளை மேல படக் கூடாது. மூஞ்சி பிள்ளை பக்கம் வரக் கூடாது. தலையைப் பிடிக்கிறது நீ. குத்தி முடிச்ச உடனே தூக்கிரு. வர்றவங்க யாரும் பாப்பாவைக் கொஞ்ச வேண்டாம். உன் கையை நீ கழுவிக்கிட்டே இரு. நானும் வந்து பக்கத்துல நிக்கறேன்."

பூமயிலுக்கு மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. இந்தத் தடவை நாலு பேருக்கும் விடியவில்லை. பூமயில்தான் நாலு ஜோடிக் கண்ணையும் துடைத்து விடிய வைத்தாள். பந்தல் ஜோராக நின்றது, வாசலோடு. தவசி லாரியை விட்டிறங்கி வந்து சேர்ந்தான். மேளம் வந்தது. தாய்மாமன் சீர் புறப்பட்டது. ஏழு தட்டு, ஏழுக்கும் சிவப்புப் பட்டுத்துணி மூடி, நாலு அண்ணன்களும் தலையிலும் கையிலுமாகச் சுமந்து தெருச் சுற்றி வந்தார்கள்.

தட்டுகளை இறக்கியதும் குருவம்மா முதல் ஆளாகத் துணியை விலக்கினாள். பழம், பூ, வளையல், ஈரம் சொட்டுகிற புதுக் கவுன். ஆறாவது தட்டைத் திறந்தாள். ஏழாவதைத் திறந்தாள்.

"ஏண்டி மயிலு, வெறும் ஈரத் தட்டை மூடிக் கொண்டாந்திருக்காங்க உங்க அண்ணன்மாரு?"

பூமயில் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இதுல ரெண்டு கிலோ சீனி, இதுல ஒரு கிலோ கல்கண்டு வச்சேனே. எங்க?"

"கழுவினோம்" என்றான் சோணைமுத்து.

"எதை?"

"சீனியை. தொடுறதுக்கு முன்னால கழுவணும்ல?" வெள்ளைக்கண்ணு தங்கையைத் தனியே இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினான். "தங்கச்சி, கடைக்காரன் நம்மள நல்லா ஏமாத்திட்டான். பாக்கத்தான் வெள்ளை. உள்ளே பூராவும் அழுக்கு. தேய்க்கத் தேய்க்கப் போய்க்கிட்டே இருக்கு. கடைசியில பாத்தா, ரெண்டு கிலோவும் அழுக்குதான்."

"கல்கண்டு அவ்வளவு மோசமில்லை" என்றான் ஒச்சு. "அது அழுக்குப் போகக் கொஞ்சம் நேரமாச்சு."

குருவம்மா சிரித்த சிரிப்பு நாலு தெருவுக்குக் கேட்டது. "சீர் கொண்டாந்தாங்கடி சீரு! தண்ணி காட்டுறதுன்னு சொல்வாங்க, இன்னைக்குத்தான் தட்டுல வச்சுப் பாத்தேன்!"

பூமயிலுக்குத் தலைக்கு மேல் போய்விட்டது. "போதும்! இனிமே நான் சொல்ற வரைக்கும் ஒண்ணையும் கழுவக் கூடாது. கேட்டுச்சா? ஒண்ணையும்!"

நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, "சரி தங்கச்சி" என்றார்கள். அவள் பாப்பாவுக்கு உடுத்தி விட உள்ளே போனாள்.

உள்ளே இருந்தபடியே, சொந்தக்காரர்கள் வரும் சத்தம் அவளுக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வந்தவர்கள் எல்லார் நெற்றியிலும் ரூபாய் அகலத்துக்குச் சந்தனப் பொட்டு. சிலருக்குப் பொட்டு புருவத்தில் வழிந்திருந்தது. பரவாயில்லையே, மதினிதான் வாசலில் நின்று மரியாதை செய்கிறது போல என்று அவளுக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

நல்ல நேரம் வந்தது. வெள்ளைக்கண்ணு துவைத்த வேட்டியோடு பந்தல் நடுவில் சம்மணம் போட்டான். கை படக் கூடாது என்பதற்காகத் தன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் பந்தல் காலோடு சேர்த்துக் கட்டச் சொன்னான். தொழில்காரர்கள் முடிச்சு, லேசில் அவிழாது. மூஞ்சி பிள்ளை பக்கம் வரக் கூடாது என்றதால் கழுத்தை எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பிக்கொண்டான். போட்டோக்காரர் முன்னால் வந்து, "மாமா, கொஞ்சம் சிரிங்க" என்றார். "சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், பின்னால வந்து பாருங்க" என்றான் வெள்ளைக்கண்ணு.

பூமயில் வெள்ளைத் துணி விரித்துப் பாப்பாவை மடியில் வைத்து, தலையை அணைத்துப் பிடித்தாள். ஆசாரி கண்ணிமைக்கும் நேரத்தில் ரெண்டு காதையும் குத்தி முடித்தார். பாப்பா ஒரு தடவை வீறிட்டு நிறுத்திவிட்டது. மாமன்மார் நாலு பேரும் நிறுத்தவில்லை. ஓவென்று அழுத அழுகையில் மேளக்காரர்கள் பயந்து கெட்டிமேளத்தைப் பாதியில் விட்டார்கள்.

பூமயில் அந்த நிமிஷமே பாப்பாவைத் தூக்கி, கை கால் கழுவி, உடுப்பை மாற்றினாள். நர்ஸம்மா பக்கத்தில் நின்று தலையாட்டினார். காது குத்தியாயிற்று. மாமன் மடியில்தான் குத்தியாயிற்று. குருவம்மாவே "ம்ம், நடந்திருச்சு" என்று கறிச்சோற்றைப் பார்த்துப் போனாள். பூமயிலுக்கு ஒரு மலை இறங்கினாற்போல் இருந்தது.

பந்தி முடிந்து, முடிச்சை அறுத்து வெள்ளைக்கண்ணுவை விடுவித்து, அவனும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது.

"ஆமா, வாசல்ல சந்தனம் வச்சது மதினிதானே?"

"அது எங்க வச்சுச்சு?" என்றான் சோணைமுத்து. "நாலு தாய்மாமன் இருந்தும் வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்ல நாதியில்லைன்னு ஏசுச்சு. எங்களுக்கு ரோசம் வந்திருச்சு. நாங்களே வச்சோம்."

பூமயில் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். "நீங்களா? எல்லாருக்குமா?"

"நூத்திமுப்பது பேரு. ஒரு ஆளை விடலை. ரெண்டு கையையும் பிடிச்சு, கன்னத்தைத் தடவி, பொட்டு வச்சு உள்ளே அனுப்பினோம்."

"யாரையும் தொடலாமாண்ணே!"

"அதையெல்லாம் யோசிக்காமலா செய்வோம்?" என்றான் மாயழகு. "பாப்பாவைத்தானே தொடக் கூடாது? வந்தவங்கள்ல யாரும் பாப்பா இல்லை. ஆம்பளைங்க எல்லாருக்கும் மீசை இருந்துச்சு."

"பொம்பளைங்களுக்கு?" என்று ஒச்சு சந்தேகம் கேட்டான்.

"அவங்களுக்குப் பல்லு இருந்துச்சு. நான் ஒவ்வொருத்தர் வாயையும் பாத்துட்டுத்தான் வச்சேன்."

"கையையாச்சும் கழுவுனீங்களா?" பூமயிலின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கைகளை அவள் முன்னால் நீட்டினார்கள். எட்டுக் கையிலும் சந்தனம். வலது கை நாலிலும் கறிச்சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"நீதானே தங்கச்சி, சொல்ற வரைக்கும் ஒண்ணையும் கழுவக் கூடாதுன்ன? அதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

திங்கட்கிழமை காலை வேலாங்கரட்டுத் துணைச் சுகாதார நிலையத்தின் வாசலில் திருவிழாக் கூட்டம். தவசிக்குக் கண் சிவப்பு. ஆசாரிக்குச் சிவப்பு. மேளக்காரர் ரெண்டு பேர், போட்டோக்காரர், கறிச்சோறு ஆக்கியவர், அத்தனை பேருக்கும் சிவப்பு. குருவம்மா எல்லாருக்கும் முன்னால் நின்றாள். அவளுக்கு ஒரு கண் முழுச் சிவப்பு, இன்னொன்று அரைச் சிவப்பு. "பாத்தா ஒட்டாதுன்னாங்களேன்னு அந்த மூத்தவன்கிட்டக் கையை நீட்டினேன், பாவி" என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

பூமயிலும் பாப்பாவோடு வந்திருந்தாள். மூன்று நாளாக ஒருத்தரையும் பிள்ளையைத் தூக்க விடவில்லை. நொடிக்கொரு தரம் கை கழுவினாள். இருந்தாலும் ஒருதரம் காட்டிவிடலாம் என்று வந்தாள். நர்ஸம்மா பாப்பாவை வெளிச்சத்தில் நிறுத்தி, ரெண்டு கண்ணையும் பார்த்தார். பூமயில் கண்ணையும் பார்த்தார்.

"தாய்க்கும் சரி, பிள்ளைக்கும் சரி, வெள்ளை வெளேர்னு இருக்கு" என்றார் சந்தோஷமாக.

பூமயில் பாப்பாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பிள்ளை காதில் குட்டித் தோடு மின்னியது.

அண்ணன்மார் நாலு பேரும் ஓரமாக நின்று இதைக் கேட்டார்கள். கூட்டத்தைப் பார்த்தார்கள். நாற்பது பேர், எண்பது சிவப்புக் கண். திரும்பித் தங்கையையும் பாப்பாவையும் பார்த்தார்கள். அவர்கள் முகம் மெல்ல மெல்ல வாடியது.

"ஊருல எல்லாருக்கும் கண்ணு நல்லாச் சிவப்பா இருக்கு" என்றான் சோணைமுத்து மெதுவாக. "இதுக ரெண்டுக்கும் மட்டும் இப்படி வெளுத்துப் போச்சேடா."

"பாப்பாவுக்கு முதல்ல வந்திருக்கணும்" என்றான் மாயழகு, ஆழ்ந்து யோசித்து. "இல்லை, மயிலுக்கு வந்து, பால் வழியாப் பிள்ளைக்கு இறங்கியிருக்கணும்."

ஒச்சு விம்மினான். வெள்ளைக்கண்ணு அழவில்லை. மூத்தவன், அழக் கூடாது. கண்ணைக் கசக்கச் சொல்லி ஒருதரம் சோணையிடம் காட்டிவிட்டு, நேரே முன்னால் போய், தங்கைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ரெண்டு கையையும் அகல விரித்து நின்றான்.

"எல்லாரும் பத்தடி தள்ளி நில்லுங்கப்பா! யாரும் கிட்டப் போயிராதீங்க. ஒட்டிக்கும்!"

நாற்பது பேரும் சட்டென்று பின்னால் நகர்ந்தார்கள். குருவம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.